தி ஹேக் போகும் முன் ஜாமீன் கிடைக்குமா?

கேள்வி: சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தேடும் ஒருவரை ஏதோ ஒரு நாட்டுப் போலீஸ் பிடித்துவிட்டது. தி ஹேக் நகருக்கு அனுப்பும்வரை அவர் ஜாமீன் கேட்க முடியுமா? யாரிடம்?
— சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: முடியும். பிடித்த நாட்டின் நீதிமன்றத்திடம்தான் கேட்க வேண்டும். தி ஹேக்கில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய உடன்படிக்கையான ரோம் சாசனத்தின் 59-வது பிரிவுப்படி, கைதானவரைத் தாமதமின்றி உள்ளூர் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். பிடியாணையில் உள்ளவர் இவர்தானா, கைது முறைப்படி நடந்ததா, இவருடைய உரிமைகள் மதிக்கப்பட்டனவா என்று நீதிபதி பார்ப்பார். ஆதாரம் போதுமா, பிடியாணை சரியா என்பதற்குள் அவர் நுழையக் கூடாது. நம் ஊர்ப் பழக்கத்தில் 'வழக்குக்கு முகாந்திரமே இல்லை' என்று வாதாடத் தோன்றும். இங்கே அது எடுபடாது. அந்த ஆட்சேபத்தை, பிடியாணையைப் பிறப்பித்த தி ஹேக் நீதிபதிகளின் முன்விசாரணை அமர்வுக்கு எழுத்து மூலம் அனுப்ப வேண்டும்.

ஜாமீனுக்கு இரண்டு கேள்விகள். குற்றச்சாட்டின் கொடுமையையும் தாண்டி வெளியே விடும் அளவுக்கு அவசரமான, விதிவிலக்கான காரணம் உண்டா? விட்டபின்பும் இவரைப் பிடித்து ஒப்படைக்கப் போதிய காப்பு உண்டா? மனு வந்ததை முன்விசாரணை அமர்வுக்குத் தெரிவித்தாக வேண்டும். உள்ளூர் நீதிமன்றம் குறிக்கும் கெடுவுக்குள் அது தன் பரிந்துரையை அனுப்பும். பரிந்துரை கட்டளை ஆகாது. ஆனால் அதை முழுமையாகப் பரிசீலிக்காமல் ஜாமீன் உத்தரவு போட முடியாது. வெளியே விட்டால், அவர் நிலை குறித்து அவ்வப்போது அறிக்கை கேட்கவும் அமர்வுக்கு அதிகாரம் உண்டு.

கேள்வி: வயதும் நோயும் காரணம் ஆகாதா?
— வாசகர், மதுரை

பதில்: தனியாக நின்றால் பெரும்பாலும் போதாது. ருவாண்டா இனப்படுகொலை வழக்கில் தேடப்பட்ட ஃபெலிசியன் கபூகா 2020 மே 16 அன்று பாரிஸ் அருகே பிடிபட்டபோது எண்பதைக் கடந்தவர். (அவரைத் தேடியது ஐ.நா.வின் தனித் தீர்ப்பாய அமைப்பு. ரோம் சாசனம் அல்ல.) அந்த மாதமே பாரிஸ் நீதிமன்றம் அவரை விடுவிக்க மறுத்தது, அக்டோபரில் தி ஹேக் கொண்டுபோனார்கள். விசாரணையைத் தாங்கும் நிலையில் அவர் இல்லை என்று நீதிபதிகள் முடிவு செய்தது 2023-இல்தான்.

கேள்வி: இவ்வளவு கெடுபிடி என்றால், இத்தாலியில் பிடிபட்ட லிபியா அதிகாரி இரண்டே நாளில் எப்படி ஊர் திரும்பினார்?
— வாசகர், கோவை

பதில்: அவருக்குக் கிடைத்தது ஜாமீனே அல்ல. திரிப்போலியின் மித்திகா சிறையில் நடந்த கொலை, சித்திரவதை தொடர்பாக ஒசாமா நஜீம் மீது 2025 ஜனவரி 18 அன்று பிடியாணை பிறந்தது. மறுநாளே தூரின் நகரில் கைது. 21-ஆம் தேதி ரோம் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது; அன்றே அரசு விமானத்தில் திரிப்போலி போய்ச் சேர்ந்தார்.

கோளாறு கைது செய்த வழிமுறையில் இருந்தது. இத்தாலியின் 2012-ஆம் ஆண்டு 237-ஆம் எண் சட்டப்படி, தி ஹேக்கின் கோரிக்கை முதலில் நீதித்துறை அமைச்சருக்குப் போக வேண்டும். அமைச்சர் அதை ரோம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அரசு வழக்கறிஞருக்கு அனுப்ப, அந்த வழக்கறிஞர் காவல் உத்தரவு கேட்பார். போலீஸோ சாதாரண நாடுகடத்தல் வழக்கு போல இன்டர்போல் தகவலை வைத்துத் தானாகக் கைது செய்துவிட்டது. அமைச்சரிடமிருந்து காகிதம் வரவில்லை. 'கைது முறைப்படி இல்லை' என்று நீதிமன்றம் கதவைத் திறந்தது. ஜாமீன் மனுவாக இருந்திருந்தால் தி ஹேக்கைக் கேட்டிருக்க வேண்டும். இங்கே ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோரிக்கையை நிறைவேற்றுவதில் சிக்கல் என்றால் உடனே கலந்து பேச வேண்டும் என்கிறது ரோம் சாசனத்தின் 97-வது பிரிவு. இத்தாலி கடமை தவறியது என்று 2025 அக்டோபரில் முன்விசாரணை அமர்வு தீர்மானித்தது. என் கணிப்பில், ஜாமீன் விதியைவிட இந்த நடைமுறை ஓட்டைதான் ஆபத்தானது.

கேள்வி: ஒருமுறை விட்டுவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாதா?
— வாசகர், சேலம்

பதில்: முடியும். முழு ஆவணங்கள் வருமுன்பே செய்யும் அவசரக் கைதுக்குப் பின் 60 நாளுக்குள் ஒப்படைப்புக் கோரிக்கையும் ஆவணங்களும் வராவிட்டால் கைதானவரை விடலாம். ஆவணம் பிறகு வந்தால் மறு கைதுக்குத் தடை இல்லை. ஐ.நா.வின் ருவாண்டா தீர்ப்பாயம் தேடிய போதகர் எலிசபான் நிடாகிருட்டிமானாவை 1997 டிசம்பரில் டெக்சாஸ் மாஜிஸ்திரேட் விடுவித்தார். ஒப்படைக்க முறையான உடன்படிக்கை இல்லை, ஆதாரமும் போதாது என்பது அவர் கருத்து. அமெரிக்க அரசு கூடுதல் ஆதாரத்துடன் திரும்ப வந்தது. 1998 பிப்ரவரியில் மறு கைது, 2000 மார்ச்சில் ஒப்படைப்பு.

கேள்வி: தி ஹேக் போனபின்?
— வாசகி, ஈரோடு

பதில்: அங்குள்ள அமர்வே முடிவு செய்யும், குறைந்தது 120 நாளுக்கு ஒருமுறை காவலை மறுபரிசீலிக்க வேண்டும். பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் டுடெர்டே 2025 மார்ச் 11 அன்று மணிலாவில் கைதாகி மறுநாளே ஒப்படைக்கப்பட்டார். அதனால் அவர் ஜாமீன் மனு தி ஹேக்கில்தான் விசாரிக்கப்பட்டது; மறுக்கப்பட்டது.