ஒயின் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள்: கேள்வி பதில்

ஒயின் கடைகளைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. சூப்பர்மார்க்கெட் அலமாரியை விட்டுவிடுவோம். கடைக்காரரே சுவைத்து, அவரே தேர்ந்தெடுத்து, அவரே எடுத்துக் கொடுக்கும் கடைகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

கேள்வி: எனக்கு ஒயினைப் பற்றி ஒன்றுமே தெரியாது சார். அந்த மாதிரிக் கடைக்குள் நுழையவே கூச்சமாக இருக்கிறது. போய் என்னவென்று கேட்பது?

தெரியாது என்றே சொல்லுங்கள். அவருக்குத் தெரிய வேண்டியது மூன்றே விஷயம். எவ்வளவு செலவு செய்யப்போகிறீர்கள், எந்தச் சந்தர்ப்பத்தில் யாரோடு குடிக்கப்போகிறீர்கள், இதுவரை குடித்ததில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை. பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. "நாக்கை இழுக்கிற துவர்ப்பு ஆகாது" என்றால் பிரான்ஸின் பொஜொலே வட்டாரத்துச் சிவப்பு ஒயின் பக்கம் அவர் கை போகும். அங்கே விளையும் காமே திராட்சையில் துவர்ப்பு குறைவு. "புளிப்பாக, லேசாக இருக்க வேண்டும்" என்றால் ஜெர்மனியின் மோசல் ஆற்றுச் சரிவுகளில் விளையும் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை ஒயினை எடுப்பார். பணத்தைப் பற்றிப் பேச மட்டும் தயங்காதீர்கள். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் அவருக்கும் வேலை சுலபம், உங்களுக்கும் நிம்மதி.

கேள்வி: உண்மையான ஆர்வம் உள்ளவர் யார், வாய்ச்சாலகத்தில் விற்பவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் கேட்ட பாட்டிலை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் அவர் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். சான்செர் என்பது பிரான்ஸில் ஒரு ஊர், அந்த ஊர் ஒயினுக்கும் அதே பெயர். "சான்செர் இருக்கிறதா?" என்று கேட்டால், எடுத்து மேசையில் வைத்து பில் போடுபவர் ஒரு ரகம். "இருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே மெனெத்தூ-சலோன் என்று ஒரு ஊர், அதே சொவிஞோன் பிளாங்க் திராட்சை, அதையும் பார்க்கிறீர்களா?" என்பவர் இன்னொரு ரகம். பெயர் அதிகம் அடிபடாத ஊர் என்பதால் பெரும்பாலும் அது விலையும் குறைவாக இருக்கும். ஷாதோநெஃப்-து-பாப் என்ற பிரெஞ்சு ஊரின் ஒயினைக் கேட்பவருக்கு அண்டை ஊரான ஜிகொன்தாஸைக் காட்டுவதும் இதே மாதிரிதான். லாபம் குறைந்தாலும் பரவாயில்லை என்று உங்களைப் பக்கத்து ஊருக்குக் கூட்டிப் போகிறவரை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது, அவர் எதை வைத்திருக்கவில்லை என்று பாருங்கள். ஒரு அலமாரி முழுக்க ஒரே வட்டாரத்து ஒயின், பெரிய பெயர்களில் பாதி இல்லை என்றால், காரணம் கேளுங்கள். "சுவைத்தேன், எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் வாங்கவில்லை" என்று பதில் வந்தால் நீங்கள் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

மூன்றாவதாக, தயாரிப்பாளரைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஆர்வம் உள்ளவர் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்து, கட்டைவிரலால் தூசியைத் துடைத்து, பின்பக்க லேபிளைத் திருப்பிக் காட்டித்தான் பேச ஆரம்பிப்பார். பிரான்ஸின் ஜுரா வட்டாரத்து வான் ஜோன் என்ற மஞ்சள் ஒயினின் பாட்டில் ஏன் குட்டையாக, அகன்ற தோளோடு இருக்கிறது என்று ஒருவரிடம் கேட்டேன். "இது 62 சென்டிலிட்டர்" என்றார். அறுவடைக்குப் பிறகு ஆறு வருடத்துக்கும் மேல் பீப்பாயிலேயே கிடக்கும் ஒயின் அது. குறைகிற அளவை யாரும் நிரப்ப மாட்டார்கள். மேலே ஈஸ்ட் ஒரு ஏடாகப் படர்ந்து காக்கும். ஒரு லிட்டராக உள்ளே போனதில் கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய 62 சென்டிலிட்டர்தான் என்பார்கள், பாட்டிலின் அளவும் அதுவே. அவர் இதைச் சொல்லி முடிக்கும்போது எனக்குப் பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களும் நகராமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தச் சுகத்துக்காகத்தான் கடைக்குப் போகச் சொல்கிறேன்.

கேள்வி: நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண்ணே இணையத்தில் கிடைக்கிறதே. கடைக்காரர் எதற்கு அண்ணா?

95 என்ற எண், அந்த ஒயின் ஒருவருக்கு மிகவும் பிடித்திருந்தது என்று சொல்லும். உங்களுக்குப் பிடிக்குமா என்று சொல்லாது. இன்றைக்கே திறக்கலாமா, இன்னும் பத்து வருடம் போகட்டுமா என்பதும் அந்த எண்ணில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. பெயரும் தரப்பட்டியலும் சொல்வதைத் தாண்டித் தன் நாக்கை நம்புகிற வியாபாரிகளால் ஒயின் உலகமே மாறியிருக்கிறது. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் பாரிஸில் மதலேன் பகுதியில் ஒயின் கடை நடத்தினார். 1976 மே 24 அன்று பிரெஞ்சு நிபுணர்களை உட்கார வைத்து, பெயரை மறைத்து, கலிஃபோர்னியா ஒயினையும் பிரான்ஸின் பெரும்பெயர்களையும் சேர்த்துச் சுவைக்கக் கொடுத்தார். சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ், வெள்ளையில் ஷாதோ மொன்டலேனா, இரண்டும் 1973 விளைச்சல், இரண்டும் கலிஃபோர்னியா, முதலிடம் வந்தன. இதைச் செய்தது ஒரு கடைக்காரர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: எதுவும் வாங்காமல் பார்த்துவிட்டு வரலாமா?

தாராளமாக. கூட்டம் இல்லாத நேரமாகப் போங்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவரால் நின்று பேச முடியாது.

கேள்வி: கடையில் கவனிக்க வேண்டிய குறைகள் என்ன?

வெயிலும் சூடும். ஒயினுக்கு 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் சௌகரியமான வெப்பம். அதைவிட முக்கியம், அது ஏறி இறங்காமல் இருப்பது. நிறமில்லாத கண்ணாடி பாட்டில் வெளிச்சத்தில் நின்றால் ஒயினில் வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை வந்துவிடும். கண்ணாடி ஜன்னலோரம் அழகுக்கு நிற்கும் பாட்டிலைக் கேட்டால், நல்ல கடைக்காரர் அதைத் தொடாமல் உள்ளே போய் வேறு ஒன்றை எடுத்து வருவார். திருகு மூடி குறை இல்லை. ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் பலர் 2000 விளைச்சலிலேயே சேர்ந்து அதற்கு மாறினார்கள்.

கேள்வி: அவர் சொன்னதை வாங்கினேன், ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தது. திருப்பிக் கொடுத்தால் கோபித்துக்கொள்வாரா?

நல்லவர் கோபிக்க மாட்டார். அது கார்க்கிலிருந்து வரும் டிசிஏ என்ற பொருளின் வேலை. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் ஒயினின் மணம் செத்துப்போகும். கொட்டிவிடாமல் மிச்சத்தை அதே கார்க்கோடு சீக்கிரம் கொண்டு போங்கள். மோந்து பார்த்துவிட்டு மாற்றிக் கொடுப்பார்.

கேள்வி: ஒயினில் குறை ஒன்றும் இல்லை, எனக்குத்தான் பிடிக்கவில்லை. அப்போது?

பணத்தைத் திருப்பிக் கேட்பது நியாயமில்லை. ஆனால் கட்டாயம் போய்ச் சொல்லுங்கள். நிறைய பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். பிடிக்காத ஒயினை வாங்கிய கடைக்கு அதோடு போவதை நிறுத்திவிடுவார்கள். "அந்த ஷார்தொனேயில் ஓக் பீப்பாய் வாசனை தூக்கலாக இருந்தது" என்று நீங்கள் சொன்னால், அடுத்த முறை அவர் பீப்பாய் படாத ஷாப்லி என்ற பிரெஞ்சு வெள்ளை ஒயின் ஒன்றை எடுப்பார். அதுவும் ஷார்தொனே திராட்சைதான், ஆனால் குடித்தால் வேறு ஆளாக இருக்கும். இப்படி நான்கைந்து தடவை போய் வந்தபிறகு உங்கள் ருசி உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்துவிடும். புதுப் பெட்டி வந்து இறங்கும்போது உங்களுக்கென்று ஒரு பாட்டில் எடுத்து வைத்திருப்பார்.

கேள்வி: கடையில் சுவைக்கக் கொடுத்தால் துப்புவது அவமரியாதையா?

இல்லவே இல்லை. துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், அவரும் அதைத்தான் செய்வார். நான்கைந்து ஒயின் சுவைக்க வேண்டுமென்றால் துப்பித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கடைசி இரண்டின் ருசி பிடிபடாது. வாசனைத் திரவியம் மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் மணம் கெட்டுவிடும்.