பத்து வருடப் பழைய டெஸ்க்டாப் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிஸ்க்) மாற்றினால் போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா?

முதலில், கணினியில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்க. சும்மா இருக்கும்போதும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறதென்றால், மாற்றினாலே போதும்.

எங்கள் வீடு பல்லடம் பக்கம், தறிக்குடோனை ஒட்டியே இருக்கிறது. 2014இல் வாங்கிய ஐ3 கணினியில்தான் அப்பா கூலிக் கணக்கும் ஜிஎஸ்டி பில்லும் போடுகிறார். காலையில் பட்டனை அழுத்திவிட்டு, பாவு பிணைக்க வந்தவரிடம் பேசிவிட்டுத் திரும்பினாலும் விண்டோஸ் சுற்றிக்கொண்டே இருக்கும். ராமை 8 ஜிபி ஆக்கியும் பெரிய வித்தியாசம் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்ற, முள் ஒவ்வொரு கோப்பாகத் தேடிப் போகிறது. ஒரு தேடலுக்குச் சுமார் 10 மில்லிசெகண்ட். விண்டோஸ் திறக்க ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் வேண்டும். எஸ்எஸ்டியில் இந்த ஓட்டமே கிடையாது.

கேபிளில் இணைக்கும் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்க. மதர்போர்டிலேயே நேராகச் செருகும் என்விஎம்இ வகை வேண்டாம், பழைய போர்டுகளில் பெரும்பாலும் அதற்கு இடமே இருக்காது. எங்கள் எச்81 போர்டில் நான்கு சாட்டா போர்ட்டில் இரண்டுதான் 6 ஜிபிபிஎஸ் வேகம் கொண்டவை. அதில் ஒன்றில் செருகினேன். கேபினட்டைத் திறந்த கையோடு விசிறியில் அப்பியிருந்த பஞ்சையும் எடுத்தேன், ஒரு கைப்பிடி இருந்தது.

குளோன் செய்யும் முன், அதாவது பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கும் முன், முக்கியமானதை எல்லாம் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்க. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். மாமா வீட்டுக் கணினிக்கு, வேறொன்றில் கழற்றிய எஸ்எஸ்டியைப் போட்டபோது, எதிலிருந்து எதற்கு என்பதை அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டேன். பழைய டிஸ்க் அழிந்தது. அமுச்சியின் (அம்மாவின் அம்மா) கடைசிப் பொங்கல் படங்கள் அதில் மட்டும்தான் இருந்தன. அன்றிலிருந்து டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற பெயரை நம்புவதில்லை. கொள்ளளவையும் மாடல் எண்ணையும் தாளில் எழுதி வைத்து, இரண்டு முறை ஒத்துப்பார்த்த பிறகே தொடங்குவேன்.

குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியில் மட்டும் திறந்து பாருங்க. ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு பழையதைச் சேமிப்புக்கு மாட்டிக்கொள்ளலாம்.

இப்போது இருபது நொடிக்குள் திறந்துவிடுகிறது. அப்புறம், விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. நான்காம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலிலும் இல்லை. அதை எஸ்எஸ்டி தீர்க்காது. அதனால் வங்கி வேலையை மட்டும் அப்பா போனுக்கு மாற்றிக்கொண்டார்.