பவுடர் தூவிய தரை

வணக்கம் ஐயா,

வேலைக்காக மான்செஸ்டர் வந்து ஓராண்டு ஆகப்போகிறது. என் அலுவலகத்தில் ஓய்வுபெறும் வயதில் ஒருவர் இருக்கிறார். தன் பையில் கறுப்பு முஷ்டி போட்ட துணி பேட்ஜ் தைத்திருக்கிறார். தொழிற்சங்கச் சின்னமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, ‘நார்தர்ன் சோல்’ என்றார். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய சோல் பாட்டுகளுக்கு வட இங்கிலாந்து இளைஞர்கள் விடிய விடிய ஆடிய ஆட்டமாம். பதினாறு வயதில் தொழிற்சாலையில் சேர்ந்து, வாங்கிய கூலியில் பெரும்பகுதியை ஆட்டத்துக்கான உடுப்புக்கும் இசைத்தட்டுக்கும் செலவழித்தாராம். எனக்கு வருத்தமாக இருந்தது. இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய களைப்பை மறக்க எளிய மக்கள் தேடிக்கொண்ட கேளிக்கைதானே இது? அதுவும் அமெரிக்காவிலிருந்து இரவல் வாங்கியது. இந்த ஊரின் உண்மையான தொழிலாளர் கலை என்று எதைச் சொல்லலாம்? ஜாய் டிவிஷன், ஸ்மித்ஸ், ஓயாசிஸ் என்று இந்த ஊர் ராக் இசைக்குழுக்களைச் சொல்கிறார்களே, இவர்களில் யாரிலிருந்து கேட்கத் தொடங்குவது?

ச., மான்செஸ்டர்

அன்புள்ள ச.,

போன வாரம் ஒரு நாளிதழில், பழைய கிராமபோன் தட்டுகளைச் சேகரிக்கும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரைப் பற்றி முழுப்பக்கம் போட்டிருந்தார்கள். ரசனை, தேடல், தவம் என்று அடுக்கியிருந்தார்கள். ஃபைல் பார்த்த களைப்பை மறக்கத் தட்டு வாங்கினார் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த எரிச்சல் அடங்குவதற்குள் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. அதிகாரி வாங்கினால் சேகரம், ஃபிட்டர் வாங்கினால் கேளிக்கையா? உங்கள் வருத்தம் அன்பில் வந்தது என்று தெரிகிறது. ஆனால் அதை அந்த மனிதரிடம் காட்டிவிடாதீர்கள். அவர் உங்கள் அனுதாபத்துக்குக் காத்திருக்கவில்லை.

களைத்தவன் படுத்துத் தூங்குவான். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் விகன் என்ற ஊரில் 1973 செப்டம்பரில் விகன் கசினோ என்ற நடன அரங்கின் ஆல்-நைட்டர், அதாவது விடிய விடிய ஆடும் நார்தர்ன் சோல் ஆட்டம், தொடங்கியது. ஆரம்பத்தில் கதவு திறந்ததே இரவு 2 மணிக்கு. ஆட்டம் முடியக் காலை 8 ஆகும். பெயர்தான் கசினோ, ஆல்-நைட்டரில் மதுகூடக் கிடையாது. தூக்கத்தை விரட்டும் போதை மாத்திரை இருந்தது, மறைப்பானேன். அதற்காக மருந்துக்கடைப் பூட்டை உடைத்தவர்களும் உண்டு. ஆனால் மாத்திரை ஒருவனை விழித்திருக்க வைக்கும், அவ்வளவுதான். காதைத் தீட்டித் தராது.

அவர்கள் எதற்கு ஆடினார்கள் என்று பாருங்கள். வானொலியில் ஓடிய பாட்டுக்கு அல்ல. 1965, 66 வாக்கில் டெட்ராய்ட், சிகாகோ போன்ற ஊர்களில் பதிவாகி, விற்காமல் கிடங்கில் கிடந்த சோல் தட்டுகளுக்கு. 1970 வாக்கில் அமெரிக்காவே ஃபங்க் என்ற புது இசையின் பக்கம் போய்விட்டது. வட இங்கிலாந்துப் பிள்ளைகள் போகவில்லை. லண்டனில் தட்டுக்கடை வைத்திருந்த டேவ் காடின் இதைக் கவனித்தார். கால்பந்து பார்க்க வடக்கிலிருந்து வருகிறவர்கள் புது வரவைத் திரும்பிப் பாராமல் பழைய வேகத் தட்டுகளையே கேட்டார்கள். கடை ஆட்களுக்கு அடையாளம் சொல்ல அவர் வைத்த பெயர்தான் நார்தர்ன் சோல்.

1965இல் டெட்ராய்ட்டின் மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ஃபிராங்க் வில்சன் பாடிய ‘டூ ஐ லவ் யூ’ கடைக்கு வராமலே அழிக்கப்பட்டது. ஒருசில பிரதிகள்தான் தப்பின. அது விகனில் ஒலித்தபோது பாடகர் பெயரை ‘எடி ஃபாஸ்டர்’ என்று மாற்றிச் சொன்னார்கள். போட்டி டி.ஜே.க்கள் தேடிப் பிடித்துவிடக் கூடாதே! லேபிளை மறைத்து ஒட்டுவது அங்கே வழக்கம். 2009இல் அதன் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்கு விற்றது. கம்பெனியே வேண்டாம் என்று ஒதுக்கியதற்கு விலை வைத்தது யார்? நீங்கள் வருத்தப்படும் அதே ஆட்கள்தான்.

இரவல் என்கிறீர்கள். இதை மட்டும் நான் விடுவதாக இல்லை. மான்செஸ்டர் எந்தப் பஞ்சில் வளர்ந்தது? அதில் பெரும்பங்கு அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைகள் பறித்தது. உள்நாட்டுப் போரில் தெற்கின் துறைமுகங்களை லிங்கன் முற்றுகையிட்டதும் பஞ்சு வரத்து நின்று, மான்செஸ்டரைச் சுற்றிய லங்காஷயர் வட்டார ஆலைகள் நின்றன, வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அந்த நிலையிலும் 1862 டிசம்பர் 31 அன்று ஃப்ரீ டிரேட் ஹாலில் கூடிய மான்செஸ்டர் தொழிலாளர்கள் லிங்கன் பக்கமே நின்றார்கள். (லங்காஷயரில் எல்லோரும் அப்படி நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அடுத்த மாதமே லிங்கன் அவர்களுக்குப் பதில் கடிதம் எழுதினார். அவர் சிலை இன்று நிற்பது பிரேசனோஸ் தெருவை ஒட்டி. நார்தர்ன் சோலுக்கு ஊற்றுக்கண்ணான ட்விஸ்டட் வீல் கிளப் 1963இல் தொடங்கியதும் அதே தெருவில்தான். சிலை அங்கே வந்தது பிற்பாடு, யாரும் திட்டமிட்டதல்ல. இருந்தாலும் ஒருநாள் மதிய இடைவேளையில் போய்ப் பாருங்கள். உங்கள் சக ஊழியர் பையில் இருக்கும் முஷ்டி அமெரிக்கக் கறுப்பினத்தவரின் போராட்டச் சின்னத்திலிருந்து வந்தது. மோடவுனைத் தொடங்கிய பெர்ரி கோர்டி, ஃபோர்டு கம்பெனியின் அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்த்தவர். பஞ்சு பறித்தவர்களின் வழிவந்தவர்கள் டெட்ராய்ட் என்ற கார் ஆலை ஊரில் பாடினார்கள், நூற்றவர்களின் வழிவந்தவர்கள் ஆடினார்கள். இதில் யார் யாரிடம் இரவல் வாங்கியது?

சரி, உடைக்கு வருகிறேன். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் போல்டன் என்ற ஊரில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது பக்கத்து வீட்டுத் தம்பதி தேநீருக்கு அழைத்தார்கள். அவர் ஓய்வுபெற்ற ஃபிட்டர். அந்த அம்மா ஆயத்த ஆடை ஆலையில் தையல் மிஷின் ஓட்டியவர். கணவரின் பழைய பேன்ட் ஒன்றை மாடியிலிருந்து எடுத்து வந்து விரித்தார். இடுப்புப் பட்டை ஒரு சாண் உயரம், அதில் வரிசையாகப் பட்டன்கள், கீழே ஒவ்வொரு காலும் பாவாடை அகலம். என் நண்பர் சிரித்துவிட்டார். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்காலிகளைத் தள்ளச் சொல்லி, சமையலறைத் தரையில் டால்கம் பவுடரைத் தூவி, அதே பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வரும்படி கணவரை விரட்டினார். மேல் பட்டன்கள் எட்டவில்லை. முட்டி வலிக்கிறது என்று முனகிக்கொண்டே அவர் பக்கவாட்டில் வழுக்கிப் போய்ச் சட்டென்று திரும்பினார். அத்தனை துணி எதற்கு என்று அப்போது விளங்கியது. முட்டி மடங்கியபோது எங்கும் பிடிக்கவில்லை. கால் நின்ற பிறகும் துணி சுற்றி வந்து நின்றது. ஷூவின் அடி தோல், ரப்பர் என்றால் தரையைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் தோள்பையில் மாற்று பனியன், துண்டு, சோப்பு, பவுடர் டப்பா எல்லாம் போகுமாம். தன் வட்டப் பாவாடையைத் தானே வெட்டித் தைத்ததாகவும், கணவரைவிடத் தான் நன்றாக ஆடியதாகவும் அந்த அம்மா சொன்னார். அவர் மறுக்கவில்லை.

இதையா விரயம் என்று நினைத்து வருந்துகிறீர்கள்? அழுக்குச் சட்டையோடு நின்றால்தான் நமக்குத் தொழிலாளியைப் பிடிக்கிறது. மடிப்புக் கலையாமல் வந்து நின்றால் உடனே கணக்குக் கேட்கிறோம். உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் சம்பளத்தில் பாதியைக் காருக்குக் கொடுக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

ஜாய் டிவிஷன், ஸ்மித்ஸ் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள், தேடிப் படித்துக்கொள்ளுங்கள். பேர்போன ஹசியெண்டா நடன கிளப் இருந்த இடத்தில் அதே பெயரில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது, அதைப் பார்க்கப் போக வேண்டாம். ஆல்-நைட்டர்கள் இன்றும் நடக்கின்றன. அடுத்தது எங்கே என்று சக ஊழியரிடம் கேளுங்கள், கூப்பிட்டால் போங்கள். ரப்பர் அடி ஷூ வேண்டாம். கையில் கிளாஸோடு ஆடுகிற இடத்துக்குள் போகாதீர்கள், திட்டு விழும்.

ஓயாசிஸ் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. எழுதினால் உங்களோடு சண்டை வரும், இன்னொரு நாள் பார்க்கலாம்.