கல்கௌதாரியின் நனைந்த வயிறு

அன்புள்ள ஐயா,

போன மே மாதம் தார் பாலைவனத்தில் ஒரு நாள் முழுக்க நடந்தேன். சிங்காரா மான், பாலைவன நரி, முள்வால் பல்லி எல்லாம் கண்ணில் பட்டன. ஆனால் 600 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தும் படங்கள் கூர்மையாக இல்லை. ஒரு குட்டையின் கரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கல்கௌதாரிப் பறவைக் கூட்டம் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் போய்விட்டது. பறக்கும் படங்களாவது கிடைத்தன. வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா? பாலைத்திணையை நேரில் பார்த்த நிறைவோடு திரும்பினேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

லென்ஸ் வாங்க வேண்டாம். உங்கள் படங்களைக் கெடுத்தது கானல். மணல் சூடேறிய பிறகு தூரத்தில் இருப்பதை எந்த லென்ஸில் எடுத்தாலும் தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத்தான் நெளியும். விடிந்ததும் எடுங்கள், வெயில் ஏறியதும் கேமராவைப் பையில் வையுங்கள். அவ்வளவுதான். பாலைத்திணை வேறு விஷயம். நம்முடைய பாலை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்த நிலம். தார் அப்படித் திரிந்து வந்ததல்ல.

அந்தக் குட்டைக்கு வருகிறேன். கடிதத்தில் அந்த இடத்தைப் படித்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது. அந்தப் பறவைகள் ஏன் சுற்றின என்று ஒரு முறையாவது யோசித்தீர்களா?

கல்கௌதாரி தின்பது காய்ந்த விதைகள். அதில் ஈரம் மிகக் குறைவு. அதனால்தான் காலையில் கூட்டமாக எங்கிருந்தோ பறந்து தண்ணீருக்கு வருகிறது. குஞ்சுகள் பிறந்த கொஞ்ச நேரத்திலேயே தாமாக விதை பொறுக்கத் தொடங்கிவிடும், ஆனால் பறந்து போய்க் குடிக்க முடியாது. அப்பா கொண்டுவர வேண்டும். ஆண் பறவை தண்ணீரில் இறங்கி வயிற்றை முக்கி மேலும் கீழும் அசைகிறது. அதன் வயிற்று இறகில் காய்ந்திருக்கும்போது சுருண்டு கிடக்கும் மெல்லிய இழைகள், நனைந்ததும் விரிந்து நீரைப் பிடித்துக்கொள்கின்றன. ஏறக்குறைய 25 மில்லிலிட்டர். அதைச் சுமந்து பறந்து போய் நின்றால், குஞ்சுகள் அந்த இறகை அலகில் கவ்வி உறிஞ்சும்.

1896இல் மீட்-வால்டோ என்ற ஆங்கிலேயர், தான் வளர்த்த பறவைகளிடம் இதைப் பார்த்து எழுதினார். பலர் நம்பவில்லை. 1967இல் கேட், மெக்லீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆப்பிரிக்காவின் காலஹாரிப் பாலைவனத்தில் ஆய்வு செய்து எழுதிய பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது. எழுபது வருஷம்!

நீங்கள் இரண்டு மணி நேரம் அந்தத் தண்ணீரை மறித்து உட்கார்ந்திருந்தீர்கள்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் இதே தவறை நானும் செய்தேன். பல வருஷங்களுக்கு முன், அதே தாரில், மாட்டுக்கு வெட்டிய ஒரு குளம். கூட்டம் நான்கு முறை தாழ்ந்து வந்து விலகியது. நான் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தூரத்திலிருந்தே கையை வீசி "எழுந்திரு, எழுந்திரு" என்றார். ஏதோ நிலத் தகராறு என்று நினைத்து எழுந்து போனேன். நான் அவர் பக்கத்தில் போய் நிற்பதற்குள் பறவைகள் இறங்கிவிட்டன. "அதுங்களுக்கு வேற தண்ணி இல்ல" என்று அவர் சொன்னது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு எடுத்த படங்களை இன்னும் வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் பறவையின் தலை கீழே, என்னை நோக்கித்தான் திரும்பியிருக்கிறது. உங்கள் படங்களையும் ஒரு முறை பெரிதாக்கிப் பாருங்கள்.

உங்களுக்கு அந்த விலங்குகள் மேல் பிரியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த வெயிலில் ஒரு நாள் முழுக்க நடந்தவர் நீங்கள். மறுபடியும் போங்கள். அதே குட்டைக்கே போங்கள். மறைப்புக்குள் உட்கார்வதாக இருந்தால், இருட்டிலேயே உள்ளே போய்விட வேண்டும், கடைசிக் கூட்டம் குடித்துவிட்டுப் போகும்வரை வெளியே வரக் கூடாது. மறைப்பு இல்லையென்றால் நன்றாகப் பின்வாங்கி உட்காருங்கள். அப்போதும் அவை சுற்றிக்கொண்டே இருந்தால் எழுந்து இன்னும் தள்ளிப் போங்கள்.

பறவை படத்தில் சின்னதாகத்தான் விழும், பரவாயில்லை. ஆண் பறவை குடித்ததும் கிளம்புகிறதா, தண்ணீரிலேயே நின்று வயிற்றை அசைக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.