மூக்குக்குள்ள புளியங்கொட்டை

கேள்வி: எங்களுக்கு நாலு பசங்க. புளி சீசன்ல வீட்ல கொட்டை எடுக்கறப்ப நாலும் சுத்தி உக்காந்து கொட்டைய அடுக்கி விளையாடும், பாக்கவே அவ்ளோ சந்தோஷமா இருக்கும். போன வாரம் கடைக்குட்டி, மூணு வயசு, ஒன்ன மூக்குல விட்டுக்கிட்டான். ஆஸ்பத்திரில எடுத்தாங்க. மறுபடி நடந்தா என்ன பண்றது?
- வாசகி, பாலக்கோடு

பதில்: ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனது ரொம்ப சரிம்மா. ஹேர்பின், விரல் எதையும் உள்ள விடவே கூடாது, இன்னும் உள்ள தள்ளிரும், தண்ணியும் ஊத்தாதீங்க, கொட்டை ஈரத்துல ஊறி உப்பிக்கும். புள்ளைய வாயால மூச்சு விடச் சொல்லி, அடைக்காத பக்கத்த மூடிக்கிட்டு மெதுவா சிந்தச் சொல்லுங்க, ஒண்ணு ரெண்டு தடவைக்கு மேல வேணாம், வரலைன்னா காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போயிருங்க. மூச்சு திணறினா உடனே 108.

பொம்மைல இருக்கிற பட்டன் பேட்டரி மூக்குல போனா மட்டும் வீட்ல எதுவும் முயற்சி பண்ணாதீங்க, சில மணி நேரத்துலயே உள்ள புண்ணாக்கிரும், நேரா ஆஸ்பத்திரிதான். ஒரு மூக்குல மட்டும் நாத்தத்தோட சளி வந்தாலும் இதே சந்தேகம் வரணும், புள்ளைங்க பல நேரம் சொல்றதே இல்ல.

கொட்டை விளையாட்ட நிறுத்திராதீங்க, ஆனா பெரியவங்க ஒருத்தர் கண்டிப்பா கூடவே உக்காந்து பாத்துக்கணும்.