பூனைக்குட்டி மேல் எலிப் பசை ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கலாமா?

போடாதீர்கள். பாட்டில் கையில் இருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

குட்டிக்கு இரண்டு மாதம், பின்னங்கால் இன்னும் எலி பிடிக்கிற பசை அட்டையில்தான் இருக்கிறது, டாக்டர் காலையில்தான் வருவார், வீட்டில் பெரியவர்கள் மண்ணெண்ணெய் போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் குட்டிக்காகப் பேசுகிற ஒரே ஆள் நீங்கள்தான் போலிருக்கிறது. அதனால் முதலில் செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். என் கதை அப்புறம்.

காலைப் பிடித்து இழுக்காதீர்கள். குட்டியின் தோல் மெல்லியது, முடியோடு உரிந்து வந்துவிடும். அட்டையில் பசை காலியாகத் தெரிகிற இடத்திலெல்லாம் அரிசி மாவோ கோதுமை மாவோ தூவுங்கள், இல்லையென்றால் செய்தித்தாளைக் கிழித்து ஒட்டுங்கள். அது திமிறும்போது மற்ற கால்களும் ஒட்டாமல் இருக்கத்தான் இது. மாவு மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய துண்டில் உடம்பைச் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய ஒருவர் மடியில் வைத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் சமையல் எண்ணெயை விரலில் தொட்டு, பசையும் முடியும் சேருகிற ஓரத்தில் விடவேண்டும். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய், எது இருந்தாலும் சரி. பத்து நிமிஷம் ஊறவிட்டு விரலால் மெதுவாக நெம்பினால் பசை இளகிக் கொழகொழவென்று வரும். அவசரப்படாவிட்டால் வந்துவிடும்.

இனி என் கதை. மண்ணெண்ணெய் ஊற்றியவள் நான்தான்.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததே, அதில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புற ஓடு பாதி பறந்துவிட்டது. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. விளக்குக்கு என்று அலைந்து வாங்கிய மண்ணெண்ணெய் ஒரு பாட்டில் மிஞ்சி அடுப்படி அலமாரியில் கிடந்தது. தை மாதம் சம்பா அறுத்து, விதை நெல் மூட்டையை ரேழியில் அடுக்கினோம். ஓடு போன இடத்தில் தார்ப்பாய்தான் கட்டியிருந்தது, சுண்டெலிக்குக் கேட்கவா வேண்டும். வயலில் என்றால் கிட்டி வைப்போம். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்வது, வெளியூர்க்காரர்கள் தஞ்சாவூர் கிட்டி என்பார்கள். குழந்தைகளும் பூனையும் நடமாடுகிற வீட்டுக்குள் அதை வைக்க முடியாது. என் வீட்டுக்காரர் கடைத்தெருவிலிருந்து பசை அட்டை வாங்கி வந்து மூட்டைக்குப் பின்னால் விரித்துவிட்டார். மறுநாள் விடியற்காலையில் அதில் கிடந்தது எலி இல்லை, எங்கள் கருப்பி. உங்கள் குட்டி வயசுதான் இருக்கும். வயிறும் இரண்டு பின்னங்காலும் அட்டையோடு அட்டையாக இருந்தன.

சைக்கிள் செயின் மாட்டிக் கை கறுத்தால் என் அப்பா மண்ணெண்ணெய்த் துணியில் துடைப்பார், ஒரு நிமிஷத்தில் கை பளிச்சென்று ஆகிவிடும். சின்ன வயசில் பார்த்தது மனசில் அப்படியே இருந்திருக்கிறது. துணியை நனைத்துத் தேய்த்தேன். வேலை செய்ததா என்றால் செய்தது. பசை கரகரவென்று கழன்றது. ஆபத்தே அதுதான். வேலை செய்கிறதே என்று நாம் இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். கருப்பி அட்டையை விட்டு வந்ததும் மூலைக்கு ஓடி உட்கார்ந்து உடம்பை நக்க ஆரம்பித்தது. வாயில் நுரையும் கோழையுமாக வடிந்தது. வயிற்றைத் திருப்பிப் பார்த்தால் சுட்ட மாதிரி சிவந்திருந்தது.

அத்தை, என் மாமியார், கொல்லையிலிருந்து வந்து பார்த்தார். சத்தம்கூடப் போடவில்லை. "பலாப்பழம் அறுக்கையில கையில என்னத்தத் தடவுவே?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை. பலாப்பால் ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவிக்கொள்வது எங்கள் ஊரில் ஆறு வயசுப் பெண்ணுக்குத் தெரியும். ஐம்பது பழமாவது அறுத்திருக்கிற எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

அப்புறம் அவர் சொல்ல நான் செய்தேன். தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் ஒற்றி எடுத்து, மறுபடி தடவி, இப்படி மூன்று முறை. பிசுக்கு போக மாவு தூவித் தட்டிவிட்டோம். வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு விட்டு, தலையை நனைக்காமல் கழுவினோம். உடனே துவட்டி அத்தையின் பழைய புடவையில் சுற்றி வைத்தோம். கழுவியதைவிட இந்தத் துவட்டலும் சுற்றலும்தான் முக்கியம். நனைந்தால் அந்த வயசுக் குட்டியின் உடம்புச் சூடு சட்டென்று இறங்கிவிடும், ஈரத்தோடு விட்டால் விறைத்துப்போகும்.

கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டதற்கு, வாந்தி எடுக்க மட்டும் வைக்காதீர்கள் என்றார். உள்ளே போன மண்ணெண்ணெய் திரும்பி வரும்போது நுரையீரலில் இறங்கினால் நிமோனியா ஆகிவிடுமாம். உப்புத் தண்ணீர் கொடுக்கத் தயாராக இருந்தவள் நான், அதனால் இதையும் எழுதுகிறேன். மூன்றாம் நாள் வயிற்றுத் தோல் உரிந்தது. முடி திரும்ப முளைக்க இரண்டு மாதம் ஆனது. பிழைத்துக்கொண்டது, மூன்று ஈத்து குட்டியும் போட்டுவிட்டது. ஆனால் எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் யாராவது ஒருவர் "மண்ணெண்ணெய் ஊத்தினவதானே இவ" என்று எடுக்காமல் விடமாட்டார்கள். அட்டை வாங்கி வந்தவரை இன்றுவரை ஒருத்தரும் ஒன்றும் கேட்டதில்லை.

ஒரு பூனைக்கு இவ்வளவு தேங்காய் எண்ணெயா என்று கீழே வந்து கேட்கப்போகிறவர்களுக்கு: செலவானது ஒரு கரண்டிதான். எண்ணெய் விலை எனக்கும் தெரியும். புயலுக்கு முன்னால் எங்கள் வீட்டில் எண்ணெய் கடையில் வாங்கியதே இல்லை, சொந்தத் தென்னை, சொந்தக் கொப்பரை. கஜாவில் பதினேழு மரம் வேரோடு போனது, ஒன்பது மரம் சாய்ந்து நின்றது. வெட்டி அப்புறப்படுத்தும் கூலியும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்று அரசாங்கத்தில் அறிவித்தார்கள். கணக்கெடுக்க வந்தவர் சாய்ந்த மரத்தை விழுந்த மரமாக எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த ஒன்பதும் ஒவ்வொன்றாகப் பட்டுப்போனது, எவரும் திரும்பி வந்து எண்ணவில்லை. இதற்கும் உங்கள் குட்டிக்கும் சம்பந்தம் இல்லைதான். எண்ணெய் என்றதும் வாய்க்கு வந்துவிட்டது.

நான் டாக்டர் இல்லை. ஆனால் அதற்கப்புறம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதில் சிலதைச் சொல்லலாம். பெட்ரோல், தின்னர், டர்பன்டைன், நகப்பூச்சு அழிக்கும் திரவம் எல்லாமே மண்ணெண்ணெயின் பங்காளிகள்தான். சுத்தம் செய்கிறேன் என்று டெட்டாலோ பினாயிலோ தண்ணீரில் கலக்காதீர்கள், அதில் இருக்கிற சில ரசாயனங்களைப் பூனையின் ஈரலால் உடைத்து வெளியேற்ற முடியாது. நீலகிரித் தைலம், கற்பூரமும் கூடாது. வலிக்குமே என்று பாராசிட்டமால் கொடுத்தால் பூனை செத்தே போகும், துண்டு மாத்திரைகூட வேண்டாம். எண்ணெயிலும் வாசனை சேர்த்த கூந்தல் தைலம் வேண்டாம். எப்படியும் நக்கத்தான் போகிறது, நாம் சாப்பிடுகிற எண்ணெயாகவே இருக்கட்டும். கொஞ்சம் வயிற்றாலே போகலாம், அதற்குப் பயப்படவேண்டாம்.

கத்தரிக்கோல் எடுக்கத் தோன்றும். பசை முடியை இழுக்கும்போது தோலும் கூடவே கூடாரம் மாதிரி மேலே எழும், முடி என்று நினைத்துத் தோலை நறுக்கிவிடுவோம். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் தோலுக்கும் பசைக்கும் நடுவில் சீப்பைக் கொடுத்து, சீப்புக்கு மேலே வெட்டுங்கள். எல்லாவற்றையும் இன்றைக்கே எடுக்கவேண்டும் என்றும் இல்லை, முடி நுனியில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் வளர்ந்து உதிர்ந்துவிடும்.

பசைக்குப் பசை வைத்தியம் வேறு. வெல்லப்பாகு, ஜாம் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரே போதும். பபிள்கம்மை ஐஸ் வைத்து இறுகவிட்டு உடைத்து எடுத்து, மிச்சத்துக்கு எண்ணெய். சூப்பர் குளூவும் காய்ந்த ஆயில் பெயிண்டும் முடியில் மட்டும் என்றால் வெட்டலாம், தோலில் என்றால் கை வைக்காமல் டாக்டரிடம் போங்கள். முயல் வளர்க்கிறவர்கள் இதைப் படித்தால், முயலைத் தண்ணீரில் முக்காதீர்கள், அதிர்ச்சியிலேயே போய்விடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பசை கண், மூக்கு, வாய் பக்கம் இருந்தாலோ, குட்டி வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினாலோ காலை வரை காத்திருக்கவேண்டாம். நீங்களும் டெல்டாதான் என்றால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

பசை அட்டை வைத்ததற்கே சட்டம் பேசுகிறவர்கள் வருவார்கள். வரட்டும், அவர்கள் சொல்வதில் தப்பில்லை. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960லிருந்து இருக்கிறது, பல மாநிலங்களில் இந்த அட்டைக்குத் தடையும் போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இப்போது கூண்டுப் பொறிதான்.

குட்டியை எடுத்த கையோடு அந்த அட்டையைப் பசை உள்ளே போகும்படி இரண்டாக மடித்து, தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு இருந்த பதற்றத்தில் அதைக் கொல்லையில் அப்படியே விட்டுவிட்டோம். ராத்திரி விளக்கெடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் அதில் ஒரு பல்லியும் ஓணான் குஞ்சு ஒன்றும் ஒட்டிக் கிடந்தன. பல்லிக்கும் எண்ணெய் விட்டோம். ஓணான் அதற்கு முன்பே போய்விட்டது.