எந்தப் புத்தகம், யாருக்கு?

அண்மையில் படித்தவற்றுள் பிறருக்குச் சொல்ல விரும்பும் ஒரு நூலைப் பற்றியும், வாசிப்பில் உங்களுக்கு உள்ள தடைகளைப் பற்றியும் எழுதும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இடம்பெறுகின்றன.

‘பொன்னியின் செல்வ’னைப் பலமுறை படித்துவிட்டேன். வேறு எந்த நாவலை எடுத்தாலும் ஐம்பது பக்கங்களுக்கு மேல் ஓடவில்லை. அதற்கு இணையான நாவல் ஒன்றைச் சொல்லுங்கள்.
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், தஞ்சாவூர்

இணையான நாவலைத் தேடுவதுதான் உங்களுக்குத் தடையாக இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் வெளிவந்த தொடர்கதை. அடுத்த இதழ் வரும்வரை வாசகரைக் காத்திருக்க வைக்கும்படி ஒவ்வோர் அத்தியாயமும் முடியும். அந்த வேகத்துக்குப் பழகிய மனம் இன்னொரு சோழர் கதையை எடுத்தால் அதிலும் வந்தியத்தேவனின் குதிரையைத்தான் தேடும். ஒப்பிட்டு ஒப்பிட்டே ஏமாறும். ஆகவே கொஞ்ச நாள் நாவலை விட்டுவிட்டு, உங்கள் சோழநாட்டு மண்ணிலேயே நிகழும் ஓர் உண்மை வாழ்க்கைக்கு வாருங்கள். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தைச் சொல்கிறேன். அதுவும் தொடராக வந்ததுதான். 1940இல் ‘ஆனந்த விகடன்’ இதழில் தொடங்கி, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமலே நின்றது.

முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. 1880ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்திக்கும் பகுதியை முதலில் படியுங்கள். அப்போது சாமிநாதையருக்கு வயது இருபத்தைந்து. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்ற பெருமிதத்தோடு, தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்கிறார். முதலியாரோ சிறிதும் வியக்காமல், இவையெல்லாம் பிற்கால நூல்கள், இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணி என்னும் சமணக் காப்பியத்தின் பெயரைச் சொல்கிறார். பின்பு தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியையும் கொடுக்கிறார். இருவரும் சேர்ந்து அதைப் படிக்கத் தொடங்குகிறார்கள்.

சமண சமயச் செய்திகள் விளங்காமல் தடுமாறும்போது, அந்த ஊரிலேயே வாழ்ந்த சமணர்களைத் தேடி அவர் போகும் இடம் இதைவிடவும் சுவையானது. ஒரு வீட்டின் வாசலில் மாக்கோலமும் மாவிலைத் தோரணமும் இருப்பதைக் கண்டு என்ன விசேஷம் என்று கேட்கிறார். சில மாதங்களாக நடந்துவந்த சிந்தாமணிப் படனம், அதாவது கூடியிருந்து படிக்கும் வாசிப்பு, அன்று நிறைவு பெற்றது என்று பதில் வருகிறது. தாம் பொருள் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருக்கும் நூலை இவர்கள் வீட்டு விசேஷமாகவே கொண்டாடுகிறார்களே என்று அவர் அடையும் வியப்பு, ஒரு துப்பறியும் கதையின் திருப்பத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. 1887இல் அவர் பதிப்பித்த சிந்தாமணியும், அதன்பின் அச்சேறிய பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும், ஒருவர் இன்னொருவருக்குச் செய்த அந்த ஒரு பரிந்துரையின் வழியாக வந்தவை. இந்தப் பகுதியில் மனம் ஒன்றிவிட்டால் முன்னும் பின்னும் உள்ள பக்கங்களை நீங்களே தேடிப் போவீர்கள்.

அலுவலகத்தில் பத்து மணி நேரம் கணினி, வீட்டுக்கு வந்தால் கைப்பேசி. கல்லூரி நாளில் ஒரே மூச்சில் நாவல் படித்தவளால் இன்று பத்து நிமிடம் உட்கார முடியவில்லை.
– மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

பத்து நிமிடத்தையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முடிகிற எழுத்து தமிழில் நிறையவே உண்டு. அசோகமித்திரனின் சிறுகதைத் தொகுதி ஒன்றைத் தலைமாட்டில் வைத்து, இரவில் ஒரு கதை மட்டும் படியுங்கள்; இரண்டாவது கதைக்கு ஆசை வந்தாலும் மூடிவிடுங்கள். கைப்பேசியை அடுத்த அறையில் சார்ஜில் போடுவது நல்லது. சில வாரங்களில் மனம் நிலைகொண்டதும் அவருடைய ‘தண்ணீர்’ நாவலுக்குப் போகலாம். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில், குடமும் கையுமாக அலையும் ஒரு தெருவில் ஜமுனா, சாயா என்னும் அக்காள் தங்கையின் கதை அது. மிகச் சிறிய நாவல். அத்தியாயங்களும் சிறியவை, வாக்கியங்கள் அதைவிடச் சிறியவை. ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் வாழ்க்கையைச் சொல்லும் இடத்துக்கு வந்தபின் புத்தகத்தைப் பாதியில் மூட உங்களுக்கு மனம் வராது.

என் பாட்டி உப்பளத்தில் வேலை செய்தவர். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ படித்தபோது, அவர் சொல்லாமல் விட்டதையெல்லாம் கேட்டதுபோல் இருந்தது. அனைவரும் படிக்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்களும் தங்கள் ஊர் நாவலைச் சொன்னால் என்ன?
– கல்லூரி மாணவி, தூத்துக்குடி

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மிகுந்த மகிழ்ச்சி அடைந்தேன். எழுத எடுத்துக்கொண்ட மக்களிடையே நேரில் சென்று பழகி, அவர்கள் தொழிலையும் பேச்சையும் அறிந்துகொண்டு எழுதியவர் ராஜம் கிருஷ்ணன். உப்பளத் தொழிலாளரின் வெடித்த பாதங்களும் கூசும் கண்களும் அந்த நாவலில் வெறும் வருணனையாக நிற்காததற்குக் காரணம் அதுதான்.

நீங்கள் கேட்பதற்கு முன்பே பிற ஊர்க்காரர்களும் எழுதியிருக்கிறார்கள். உதகமண்டலத்திலிருந்து ஒரு செவிலியர், படகர் வாழ்வைச் சொல்லும் ‘குறிஞ்சித்தேன்’ நாவலைப் பரிந்துரைக்கிறார். அதுவும் ராஜம் கிருஷ்ணனுடையதே. நாகர்கோவில் வாசகர் ஒருவர் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யைச் சொல்லி, அதன் பேச்சுவழக்கு முதல் சில பக்கங்களுக்குத் தடையாகத் தோன்றும், வாய்விட்டுப் படித்தால் தெளிந்துவிடும் என்று ஒரு வழியும் காட்டுகிறார். அருமையான யோசனை. கோவில்பட்டியிலிருந்து வந்த கடிதம் பூமணியின் ‘வெக்கை’யைப் பற்றியது. ‘அசுரன்’ திரைப்படத்தைப் பார்த்தவர்கள் கதைதான் தெரியுமே என்று அதை ஒதுக்கிவிட வேண்டாம் என்கிறார் அவர். நானும் அதையே சொல்வேன். பதினைந்து வயதுச் சிறுவன் சிதம்பரம் தன் தகப்பனோடு காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரியும் அந்த நாட்களில், அவர்கள் எதைப் பறித்துத் தின்றார்கள், எங்கே தண்ணீர் குடித்தார்கள், எந்த மர நிழலில் கண்ணயர்ந்தார்கள் என்று நாவல் பொறுமையாகச் சொல்லிச் செல்வதைப் படித்துத்தான் அனுபவிக்க வேண்டும்.

புத்தக விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. மாதச் சம்பளக்காரன் என்ன செய்வது?
– கடை ஊழியர், மதுரை

முதலில் நூலகத்தில் உறுப்பினராகுங்கள். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்த நாள்முதல், சொத்து வரியோடு சேர்த்து வாங்கும் நூலக வரியில்தான் நம் பொது நூலகங்கள் நடக்கின்றன. அது மக்கள் பணம், அங்கே உள்ள புத்தகமும் மக்களுடையது. உங்கள் ஊரிலேயே 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டிருக்கிறது. விடுமுறை நாளில் குடும்பத்தோடு சென்று பாருங்கள். மேலும், கல்கி, புதுமைப்பித்தன், ராஜம் கிருஷ்ணன் போன்றோரின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டிருப்பதால் மலிவு விலைப் பதிப்புகளும் கிடைக்கும். கைப்பேசியில் படிக்கத் தயக்கம் இல்லையென்றால், 1998 முதல் தன்னார்வலர்களால் நடத்தப்படும் மதுரைத் திட்டம் (Project Madurai) என்னும் இணைய நூல் தொகுப்பில் சங்க இலக்கியம் தொடங்கி ஏராளமான நூல்களை இலவசமாகப் பெறலாம்.

எட்டு வயது மகள் தமிழில் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். புத்தகத்தைக் கொடுத்தால் ஓடுகிறாள்.
– வாசகி, ஓசூர்

அவளைப் படிக்கச் சொல்லாதீர்கள் அம்மா. நீங்கள் படித்துக் காட்டுங்கள். டெட்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ தமிழில் கிடைக்கிறது. ஓடாத ரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாகக் கொண்ட ஒரு பள்ளியில் சேரும் சிறுமியின் கதை. உங்கள் மகளைவிடச் சற்றே சின்னவள் அவள். இரவுக்கு ஓர் அத்தியாயம் போதும். அடுத்தது என்ன என்று அவள் தானே புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கும் நாள் வரும். அப்போது பிழை திருத்தாமல் விட்டுவிடுங்கள்.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடலாமா?
– வாசகர், கடலூர்

தாராளமாக விடலாம். சில ஆண்டுகள் கழித்து இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

தாராசங்கர் பந்தோபாத்யாயின் ‘ஆரோக்கிய நிகேதன’த்தைத் த.நா. குமாரஸ்வாமியின் மொழிபெயர்ப்பில் படித்தேன். நாடி பிடித்தே மரணத்தின் வருகையை அறியும் அந்தக் கிராமத்து வைத்தியரை மறக்க முடியவில்லை. இதுபோன்ற பிறமொழி நாவல்கள் வேறு உண்டா?
– மருந்தாளுநர், திருவண்ணாமலை

மருந்தோடு புழங்கும் ஒருவர் அந்த நாவலைத் தேடிப் படித்திருப்பதே மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. வங்கத்திலேயே தொடர விரும்பினால், அதீன் பந்தோபாத்யாயின் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’யை சு. கிருஷ்ணமூர்த்தியின் மொழிபெயர்ப்பில் படியுங்கள். பிரிவினைக்கு முந்திய கிழக்கு வங்கத்தின் ஆறுகளும் வயல்களும் மனிதர்களும் நிறைந்த நாவல் அது. மெதுவாகத்தான் நகரும், அவசரப்படாதீர்கள். மலையாளத்துக்கு வருவதானால் தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘தோட்டியின் மகன்’, ‘செம்மீன்’ இரண்டையும் சுந்தர ராமசாமி தமிழாக்கியிருக்கிறார். நான் முதலில் எடுக்கச் சொல்வது ‘தோட்டியின் மகன்’. படித்து முடித்ததும் எழுதுங்கள். உங்கள் கடிதத்தை மற்ற வாசகர்களும் பார்க்கும்படி இந்தப் பகுதியிலேயே வெளியிடுகிறோம்.